எத்தனை மணித்தியாலம்? கண்ணுக்குள் வைத்த வில்லையின் கதை

போன செமஸ்டர் பரீட்சை நேரம், எங்கட ஹொஸ்டல் அறையில் ஒரு கண் பழுதாகப் பார்த்தது.

நாங்கள் நாலு பேர் ஒரே அறை. அதில் ஒருத்திக்கு மைனஸ் ஐந்து. கண்ணாடி இல்லாவிட்டால் கதவடியில் நிற்கிற எங்களைக் குரலை வைத்துத்தான் பிடிப்பாள். முதலாம் வருடத்தில் இருந்தே லென்ஸ் போடுகிறாள். மாதம் ஒரு சோடி. பரீட்சைக் கிழமையில் புத்தகத்தை நெஞ்சில் வைத்தபடியே நித்திரையாகிப் போவாள், லென்ஸும் கண்ணிலேயே இருக்கும். அப்படி ஒரு நாள் இல்லை, நாலைந்து நாள். ஒரு விடியக்காலை வலது கண் சிவந்து, ஜன்னல் திறந்தால் கூசுது என்று போர்வைக்குள் போய்விட்டாள். நாங்கள் கண்நோய் என்று நினைத்தோம். பாமசியில் ஒரு துளிமருந்து வாங்கி விட்டோம். இரண்டு நாள் வீணாய்ப் போனது. மூன்றாம் நாள் கருவிழியில் அரிசிக் குருணை மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தபோதுதான் பயம் வந்தது.

கண் டொக்டர் பார்த்த உடனே கேட்ட முதல் கேள்வி: "பிள்ளை, லென்ஸோட படுத்தனீரோ?"

அதற்குப் பிறகு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் மருந்து விட வேண்டும், இரவிலும்தான். நாலு போனிலும் அலாரம் வைத்து முறை மாறி எழும்பினோம். கண் தப்பியது. ஆனால் நடுவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் ஒரு வடு இருக்கிறது. இரவில் லைற்றைப் பார்த்தால் அதைச் சுற்றிப் புகை மாதிரித் தெரியுது என்கிறாள்.

அவளுக்கு வலியை விடக் கோபம் வந்தது வேறு விசயத்துக்கு. வந்தவர் போனவர் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "வடிவுக்கு ஆசைப்பட்டு வேண்டின வினை." அவள் கேட்டாள்: "லென்ஸோட படுக்கலாம் எண்டு ஒரு காலத்தில விளம்பரம் போட்டு வித்தவங்கள்தானே? அப்ப அவங்களும் வடிவுக்கு ஆசைப்பட்டவங்களோ?"

நாங்கள் கலைப்பீட ஆக்கள். கண்ணைப் பற்றிப் பாடம் எடுக்க எங்களால் ஏலாது. ஆனால் ஒரு கேள்வி வந்தால் அது எப்போது தொடங்கியது என்று பின்னால் போய்த் தேடத் தெரியும். அப்படித் தேடியதில் இந்த லென்ஸின் கதை முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது என்று விளங்கியது. கண்ணுக்குள் ஒரு பொருளை எத்தனை மணித்தியாலம் வைத்திருக்கலாம்? ஒவ்வொரு காலத்திலும் மனிசர் ஒரு பதில் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் கண் வேறு ஒரு பதில் சொன்னது.

இரண்டு மணித்தியாலம்

முதலில் கண்ணைப் பற்றி ஒரு சின்ன விசயம். கருவிழிக்கு முன்னால் மணிக்கூட்டுக் கண்ணாடி மாதிரி ஒரு தெளிவான மூடி இருக்கிறது. அதுதான் விழிவெண்படலம். நடுவில் அரை மில்லிமீற்றர் அளவு தடிப்பு. வெளிச்சம் தடையில்லாமல் போக வேண்டும் என்பதால் அதற்குள் இரத்தக் குழாய் கிடையாது. உடம்பின் மற்றப் பகுதிகளுக்கு ஒட்சிசன் இரத்தத்தில் வருகிறது. விழிவெண்படலத்தின் மேற்பரப்புக்கு அது நேரே காற்றிலிருந்து, கண்ணீரில் கரைந்து வருகிறது. அதாவது கண்ணின் முன்பக்கம் தானே மூச்சு விடுகிறது. லென்ஸ் போய் உட்காருவது சரியாக அந்த மூக்கின் மேல்.

1888இல் இது ஒருவருக்கும் தெரியாது. அந்த வருடம் சூரிச்சில் இருந்த அடொல்ஃப் யூஜென் ஃபிக் என்ற ஜேர்மன் கண் வைத்தியர், கண்ணோடு ஒட்டி அணியும் கண்ணாடி பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 'கொன்டாக்ட்' என்ற பெயரே அவர் வைத்ததுதான். முயல்களின் கண்ணில் முதலில் பரீட்சித்தார், பிறகு தன் கண்ணில், அதற்குப் பிறகு நோயாளிகளின் கண்ணில். அது உண்மையான கண்ணாடி. கருவிழியை மட்டுமில்லை, வெள்ளை விழியையும் சேர்த்து மூடும் ஒரு சின்னக் கிண்ணம். கண்ணாடிக்கும் கண்ணுக்கும் இடையில் குளுக்கோசு கரைத்த நீரை நிரப்பினார்.

இதில் எங்களுக்குப் பிடித்த விசயம் ஒன்று இருக்கிறது. ஃபிக் வடிவுக்காக இதைச் செய்யவில்லை. வடு விழுந்து, மேடு பள்ளமாய்ப் போன விழிவெண்படலம் உள்ளவர்களுக்குச் சாதாரணக் கண்ணாடி உதவாது. அவர்களுக்கு ஒரு சீரான மேற்பரப்பைக் கொடுக்கத்தான் அந்தக் கிண்ணம். பழுதான விழிவெண்படலத்துக்கு மருந்தாக வந்த பொருள், பின்னாளில் நல்ல விழிவெண்படலத்தைப் பழுதாக்கும் காரணங்களில் ஒன்றாகவும் மாறியது.

ஃபிக்கின் கண்ணாடியை இரண்டு மணித்தியாலம் அளவில்தான் போட முடிந்தது. கொஞ்ச நேரத்தில் கண் சிவக்கும், பார்வையில் பனி இறங்கும். அவர் அதை மறைக்கவில்லை, எழுதி வைத்தார். கண்ணாடியைச் சுத்தமாக வைக்க வேண்டும், கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும் என்றும் எழுதினார். இன்றைக்கு லென்ஸ் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளில் உள்ள அறிவுரைகளுக்கு 130 வருடத்துக்கு மேல் வயசு.

அடுத்த வருடம், 1889இல், கீல் பல்கலைக்கழகத்தில் ஓகஸ்ட் முல்லர் என்ற மாணவர் தன் பட்ட ஆய்வை இதே விசயத்தில் செய்தார். அவருக்குத் தானே மைனஸ் பதினாலு. எங்கட சிநேகிதி இதைக் கேட்டு, "அப்ப நான் பரவாயில்லை" என்றாள். காற்றுக் குமிழி வராமல் இருக்க முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் கண்ணாடியைப் போட்டார். வலி தாங்க ஏலாமல் கண்ணைக் கொக்கெயின் விட்டு மரக்கச் செய்தார். அப்படிச் செய்தும் அரை மணித்தியாலத்துக்கு மேல் தாங்கவில்லை. பிறகு கண் வைத்தியத்தையே விட்டு எலும்பு வைத்தியத்துக்குப் போய்விட்டார்.

அந்தப் பனிமூட்டம் கனகாலம் ஒரு புதிராகவே இருந்தது. 1930களில் சட்லர் என்ற ஜேர்மன் கண் வைத்தியர் அதை விபரித்ததால் 'சட்லரின் திரை' என்று பெயர் வந்தது. கண்ணாடியும் கண்ணும் பொருந்தாததால் வருகிறதா, உள்ளே விடுகிற நீர் பிழையா என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். விடை வந்தது 1952இல். நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்மெல்சர், ஒசானிக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நீச்சல்காரர் போடுவது மாதிரியான மூடிய கண்ணாடிக்குள் ஒட்சிசன் இல்லாத வாயுவை அனுப்பிப் பார்த்தார்கள். கண்ணில் லென்ஸே இல்லை. ஆனாலும் சில மணித்தியாலத்தில் அதே மூட்டம், விளக்கைச் சுற்றி அதே வளையம். அப்போதுதான் தெரிந்தது, கண்ணுக்கு மூச்சு முட்டுகிறது என்று.

மூச்சு முட்டினால் என்ன நடக்கும்? ஒட்சிசன் போதாத கலங்கள் இலக்திக் அமிலத்தைச் சேர்க்கும். மூச்சிரைக்க ஓடும்போது காலில் நடப்பதும் அதுதான். அந்த அமிலம் விழிவெண்படலத்துக்குள் தண்ணீரை இழுக்கும். தண்ணீர் ஏறினால் அது வீங்கும். வீங்கினால் தெளிவு போகும். பல மாதம் இப்படியே போனால் மேற்தோல் மெலிந்து, இரத்தக் குழாய்களே இல்லாத இடத்துக்குள் ஓரத்திலிருந்து புதுக் குழாய்கள் முளைத்து வரும்.

இங்கே ஒரு குடும்பக் கதை இருக்கிறது. கண் வைத்தியர் ஃபிக்கின் சித்தப்பாவோ பெரியப்பாவோ, தகப்பன் வழி உறவு, அவரும் அடொல்ஃப் ஃபிக்தான். உடற்றொழிலியல் அறிஞர். ஒரு பொருள் இன்னொன்றினூடாக எவ்வளவு வேகத்தில் பரவும் என்பதற்கு 1855இல் விதி எழுதியவர். ஏ.எல். படித்த உயிரியல் பிள்ளைகளுக்கு 'ஃபிக்கின் விதி' தெரிந்திருக்கும். ஒரு லென்ஸினூடாக எவ்வளவு ஒட்சிசன் போகும் என்று இன்றைக்கும் கணக்குப் போடுவது அந்த விதியை வைத்துத்தான். பெறாமகனின் நோயாளிகளுக்குக் கண் ஏன் மங்கியது என்பதற்கான விடையில் பாதி, வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஒரு பகல்

1930களின் கடைசியில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் வந்தது. உடையாது, பாரம் குறைவு, ஆனால் அதனூடாக ஒட்சிசன் போகாது. 1948இல் லொஸ் ஏஞ்சலிஸில் கெவின் டூஹி என்ற கண்ணாடித் தொழில்நுட்பவியலாளர் ஒரு பெரிய லென்ஸைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது அதன் வெளி விளிம்பு உடைந்து நடுத்துண்டு மட்டும் மிஞ்சியதாம். எறியாமல் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்தார், அது நின்றது என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, கருவிழியை மட்டும் மூடுகிற சின்ன லென்ஸுக்கு அந்த வருடம் அவர் காப்புரிமை கேட்டது உண்மை.

சின்னதாக்கியதில் ஒரு பெரிய நன்மை வந்தது. ஒவ்வொரு தரமும் கண் சிமிட்டும்போது லென்ஸ் கொஞ்சம் அசையும். அசையும்போது அடியில் புதுக் கண்ணீர் போகும், அதோடு கொஞ்சம் ஒட்சிசனும் போகும். பிளாஸ்டிக் மூச்சு விடாவிட்டாலும் சிமிட்டல் அந்த வேலையைச் செய்தது. இரண்டு மணித்தியாலம் ஒரு பகலாக மாறியது இப்படித்தான்.

ஆனால் ஒரு பகல் என்றால் ஒரு பகல்தான். மாலையில் ஒரு கலியாண வீடு, அதற்குப் பிறகு படம் என்று நேரத்தை நீட்டியவர்களுக்கு நடந்ததை அந்தக் காலத்துக் கண் வைத்தியர்கள் நன்றாக அறிவார்கள். லென்ஸைக் கழட்டி வைத்துப் படுத்தவர், சாமத்தில் கண்ணுக்குள் மணல் கொட்டினது மாதிரி வலியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடி வருவார். பகல் முழுக்க மூச்சு முட்டின மேற்தோல் கலங்கள் கழன்று விழத் தொடங்கியதன் வலி அது. போட்டிருக்கும்போது உணர்ச்சி மரத்துப் போயிருப்பதால் நோ தெரியாது. கழட்டிப் பல மணித்தியாலத்துக்குப் பிறகுதான் தெரியும். கணக்கு பிந்தி வரும், ஆனால் வராமல் விடாது.

அடுத்த பெரிய மாற்றம் அமெரிக்காவிலிருந்து வரவில்லை, பிராக் நகரத்து வீடு ஒன்றின் குசினியிலிருந்து வந்தது. ஒட்டோ விக்டெர்லே செக்கோஸ்லோவாக்கியாவின் இரசாயனவியலாளர். டிராஹொஸ்லாவ் லிம் என்பவரோடு சேர்ந்து, தண்ணீரை உறிஞ்சி ஜெலி மாதிரி மென்மையாகும் ஒரு பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அதை நல்ல விளிம்போடு லென்ஸாக வார்க்க முடியவில்லை. அரசாங்கமும் அந்த ஆராய்ச்சியில் நம்பிக்கை இழந்திருந்தது. 1961 நத்தார் காலத்தில் அவர் வீட்டில், பிள்ளைகள் பொருத்தி விளையாடும் 'மெர்குர்' உலோகத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து ஒரு சுழலும் இயந்திரம் செய்தார். அச்சுக்குள் திரவத்தை விட்டுச் சுற்றினார். நாலு லென்ஸ் வந்தது. உலகத்தின் மென்லென்ஸ் வியாபாரம் முழுக்க அந்த விளையாட்டுச் சாமானில் இருந்து தொடங்கியது.

காப்புரிமை அமெரிக்கக் கம்பனி ஒன்றுக்குக் கைமாறி, 1971இல் 'பௌஷ் அன்ட் லோம்ப்' நிறுவனத்தின் மென்லென்ஸுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. போட்டால் போட்டது மாதிரியே தெரியாது. வலிக்கவில்லை. அங்கேதான் அடுத்த சிக்கலும் தொடங்கியது. முல்லரின் கண்ணாடி அரை மணித்தியாலத்தில் "கழட்டு" என்று கத்தியது. டூஹியின் பிளாஸ்டிக் இரவில் கத்தியது. மென்லென்ஸ் கத்தவில்லை. கண்ணுக்கு மூச்சு முட்டுவது மட்டும் நிற்கவில்லை. தண்ணீர் ஏறிய பிளாஸ்டிக்கால் ஒட்சிசன் போகும், ஆனால் கொஞ்சம்தான்.

முப்பது நாள்

நாங்கள் நித்திரை கொள்ளும்போது கண்ணுக்குக் கிடைக்கிற ஒட்சிசன், திறந்த கண்ணுக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இமையின் உட்பக்க இரத்தக் குழாய்களில் இருந்து கசிவது மட்டும். அதனால் லென்ஸ் போடாதவருக்கும் விடிய எழும்பும்போது விழிவெண்படலம் சுமார் 4 வீதம் வீங்கித்தான் இருக்கும். கண் திறந்த பிறகு வடிந்துவிடும். மூடிய இமைக்கு அடியில் இன்னொரு மூடியையும் வைத்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்க டொக்டராக இருக்கத் தேவையில்லை.

ஆனாலும் 1981இல் அமெரிக்காவில், 30 நாள் வரை கழட்டாமல் போடக்கூடிய மென்லென்ஸுக்கு அனுமதி கிடைத்தது. படுக்கும்போதும் கண்ணிலேயே இருக்கும், எழும்பினதும் உலகம் தெளிவாய்த் தெரியும். விளம்பரத்துக்கு இதை விட என்ன வேண்டும்? லட்சக்கணக்கான ஆக்கள் போட்டார்கள். எங்கட சிநேகிதி சொன்னது இதைத்தான். லென்ஸோடு படுப்பது முதலில் பாவிப்பவரின் கவலையீனமாக வரவில்லை, அனுமதி பெற்ற ஒரு விற்பனைப் பொருளாக வந்தது.

1984இல் ஹோல்டன், மெர்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள்: இரவில் போட்டாலும் கண் இயற்கையான அந்த 4 வீதத்துக்கு மேல் வீங்காமல் இருக்க வேண்டுமென்றால், லென்ஸ் எவ்வளவு ஒட்சிசனை விட வேண்டும்? விடையாக வந்த அளவைச் சந்தையில் இருந்த மென்லென்ஸ் எதுவுமே எட்டவில்லை.

வீக்கம் ஒரு பக்கம். அதை விட மோசமானது புண். எங்கட அறையில் நாங்கள் பார்த்த வெள்ளைப் பொட்டு அதுதான். பலவீனப்பட்ட மேற்தோலில் ஒரு கீறல் கிடைத்தால், தண்ணீரிலும் ஈரத்திலும் வாழும் சூடோமோனாஸ் போன்ற பற்றீரியா உள்ளே போகும். சூடோமோனாஸ் பொறுமையான கிருமி இல்லை, சில நாளிலேயே விழிவெண்படலத்தைக் கரைத்துத் துளையாக்கக்கூடியது. 1980களில் இப்படிப் புண்ணோடு வருபவர்கள் கூடினார்கள்.

1989 செப்டெம்பரில் அமெரிக்க மருத்துவ சஞ்சிகை ஒன்றில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்று எண்ணிப் பார்த்தது: தினமும் கழட்டும் மென்லென்ஸ் போடுபவர்களில் வருடத்துக்கு 10,000 பேரில் 4.1 பேருக்குப் புண், தொடர்ந்து போடும் லென்ஸில் 20.9 பேருக்கு. மற்றது காரணத்தைத் தேடியது: லென்ஸோடு படுப்பவர்களுக்கு ஆபத்து 10 முதல் 15 மடங்கு. எத்தனை இரவு தொடர்ந்து போடுகிறார்களோ அத்தனைக்கு அது கூடிக்கொண்டே போகும். அதே வருடம் 30 நாள் என்பது 7 நாளாகக் குறைக்கப்பட்டது. எட்டு வருடமாகச் சொன்ன கணக்கு பிழை என்று தெரியவர, அதற்கான விலையைக் கொடுத்து முடித்தது பாவித்தவர்களின் கண்.

பிறகு இரசாயனவியலாளர்கள் திரும்ப முயன்றார்கள். 1999 அளவில் சிலிக்கன் கலந்த புது மென்லென்ஸ்கள் வந்தன. சிலிக்கன் தண்ணீரை விடப் பல மடங்கு நன்றாக ஒட்சிசனை விடும். ஸ்மெல்சர் கண்டுபிடித்த மூச்சுத்திணறலுக்கு உண்மையிலேயே ஒரு தீர்வு கிடைத்துவிட்டது. சிவப்பு குறைந்தது, வீக்கம் குறைந்தது, புதுக் குழாய் முளைப்பதும் குறைந்தது. 2001இல் 30 நாள் அனுமதி திரும்பி வந்தது.

புண்ணும் குறைந்திருக்க வேண்டும்தானே? 2008இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்று நாடு முழுக்க எண்ணியது. பழைய மென்லென்ஸோடு படுப்பவர்களில் வருடத்துக்கு 10,000க்கு 19.5 பேர். ஒட்சிசன் தாராளமாக விடும் புது லென்ஸோடு படுப்பவர்களில் 25.4 பேர். குறையவே இல்லை. பழைய மென்லென்ஸைத் தினமும் கழட்டி வைப்பவர்களிலோ 1.9 பேர்தான்.

எங்களுக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமான இடம் இதுதான். நூறு வருடமாகக் கண் சொன்ன முறைப்பாட்டை "ஒட்சிசன் போதாது" என்று விளங்கி, அதைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரி என்று நம்பினார்கள். அது முறைப்பாட்டின் ஒரு பாதிதான். கண் மூடியிருக்கும்போது சிமிட்டல் இல்லை, கண்ணீர் ஓடிக் கழுவுவதும் இல்லை. லென்ஸில் ஒட்டின கிருமி இரவு முழுக்க ஒரே இடத்தில், சூட்டோடும் ஈரத்தோடும் கிடக்கும். பிளாஸ்டிக்கை எவ்வளவு மாற்றினாலும் நித்திரை நித்திரைதான்.

தண்ணீரும் போத்தலும்

மணித்தியாலக் கணக்கைச் சரியாகப் பார்த்தவர்களுக்கும் ஆபத்து வந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லாமல் விட முடியாது.

முதலாவது, உப்புக் குளிசை. 1980களில் அமெரிக்காவில் லென்ஸ் ஊறப் போடும் உப்புநீரை வீட்டிலேயே செய்வது வழக்கம். காய்ச்சி வடித்த நீரில் உப்புக் குளிசையைக் கரைத்தால் சரி, மலிவு. ஆனால் அது கிருமியற்ற நீர் இல்லை. அகந்தமீபா என்ற ஒரு கல உயிரி மண்ணிலும் நீரிலும் எங்கும் இருக்கிறது. குழாய்த் தண்ணியில், தாங்கியில், நீச்சல் தடாகத்தில் இருக்கும். நிலைமை சரியில்லாவிட்டால் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு, குளோரினுக்கும் சாகாமல் காத்துக் கிடக்கும். அது கண்ணுக்குள் போனால் வலி பயங்கரம், வைத்தியம் மாதக்கணக்கு. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பதிவான 208 பேரின் விபரத்தை ஆராய்ந்தபோது, விபரம் தெரிந்தவர்களில் 85 வீதமானவர்கள் லென்ஸ் போடுபவர்கள். அவர்களில் கனபேர் வீட்டில் உப்புநீர் செய்தவர்கள்.

இரண்டாவது, கடைப் போத்தல். 2005க்கும் 2006க்கும் இடையில் சிங்கப்பூர், ஹொங்கொங், அமெரிக்கா என்று பல இடங்களில் லென்ஸ் போடுபவர்களின் கண்ணில் ஃபியூசேரியம் என்ற பங்கசு வரத் தொடங்கியது. அது பயிர்களில் நோய் உண்டாக்கும் பங்கசு. கமம் செய்பவர் கண்ணில் வைக்கோல் குத்தினால் வருகிற நோய், கணினிக்கு முன்னால் இருக்கிற நகரத்து இளைஞருக்கு ஏன் வந்தது? விசாரித்தால் ஒரே திரவத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. பௌஷ் அன்ட் லோம்பின் 'ரெனு வித் மொய்ஸ்ச்சர்லொக்'. 2006 மே மாதம் அது உலகம் முழுவதும் மீளப்பெறப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் 164 பேருக்கு நோய் உறுதியானது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு விழிவெண்படல மாற்றுச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது.

மூடின போத்தலுக்குள் பங்கசு இருக்கவில்லை. லென்ஸை ஈரமாக வைத்திருக்கச் சேர்த்த பொருள், திரவம் காயும்போது ஒரு படையாக மாறி அதற்குள் பங்கசுக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். பழைய திரவத்தை ஊற்றாமல் அதற்கு மேலேயே புதிசை நிரப்பும் பழக்கமும் சேர்ந்தது. அதாவது பாவிப்பவரின் சின்னச் சோம்பலும் கம்பனியின் பிழையும் ஒரே டப்பாவுக்குள் சந்தித்தன. "கவலையீனம்" என்று ஒரு பக்கத்துக்கு மட்டும் தீர்ப்பு எழுதினால் இந்தக் கதை விளங்காது. அந்தச் சோம்பலை மனிசர் விடமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டுதான் ஒரு திரவத்தைச் செய்ய வேண்டும்.

1961, கொழும்பு

புண் மருந்துக்கு அடங்காவிட்டால், அல்லது ஆறினாலும் நடுவில் பெரிய வடு விழுந்துவிட்டால், கடைசி வழி இறந்த ஒருவரின் விழிவெண்படலம்தான். அதைச் செய்கிற இயந்திரம் ஒன்றும் விக்டெர்லேயின் குசினியில் இல்லை. யாரோ ஒருவர் உயிரோடு இருக்கும்போது கொடுக்கச் சம்மதித்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் எங்கட நாடும் கதைக்குள் வருகிறது. விக்டெர்லே டைனமோ சுற்றிய அதே 1961இல்தான் வைத்தியர் ஹட்சன் சில்வா இலங்கைக் கண்தான சங்கத்தைத் தொடங்கினார். 1964இல் முதல் தடவையாக இங்கிருந்து சிங்கப்பூருக்குக் கண்கள் போயின. அதற்குப் பிறகு உலகத்தின் பல நாடுகளுக்கும் போயிருக்கின்றன, இன்றைக்கும் போகின்றன. பெரிய வருமானம் இல்லாத ஒரு தீவில் செத்துப்போன சாதாரண சனங்களின் கண், பணக்கார நாடுகளில் யார் யாருடைய முகத்திலோ இருந்து இன்னும் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதை நாங்கள் பெருமைக்காக மட்டும் எழுதவில்லை. ஒரு விழிவெண்படலத்தின் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. ஒரு இரவுச் சோம்பலுக்கோ ஒரு விளம்பர வசனத்துக்கோ அதைச் செலவழிக்கக் கூடாது என்பதற்காக.

லென்ஸ் போடாதீர்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 10,000 பேரில் இரண்டு என்பது சின்ன ஆபத்து. கண்ணாடியோடு மழையில் சைக்கிள் ஓடினவர்களுக்கும், மேடையில் ஆடினவர்களுக்கும் லென்ஸின் அருமை தெரியும். ஃபிக் நினைத்த மாதிரியே, விழிவெண்படலம் கூம்பிப் போனவர்களுக்கு இன்றைக்கும் அதுதான் பார்வை. நாங்கள் சொல்வது வரலாறு சொன்ன நாலு விசயம்தான். படுக்க முதல் கழட்டுங்கள், மதிய நித்திரை என்றாலும். லென்ஸிலும் டப்பாவிலும் கிணத்துத் தண்ணி, குழாய்த் தண்ணி எதுவும் பட விடாதீர்கள். பழைய திரவத்துக்கு மேல் புதிசை ஊற்றாதீர்கள். கண் சிவந்து, நொந்து, வெளிச்சம் கூசினால் பாமசிக்குப் போக வேண்டாம். லென்ஸைக் கழட்டிவிட்டு அன்றைக்கே கண் டொக்டரிடம் போங்கள். நாங்கள் விட்ட அந்த இரண்டு நாளை நீங்கள் விடாதீர்கள்.

பவர் இல்லாதவர்கள் நிறத்துக்காகப் போடுகிற பூனைக்கண் லென்ஸும் லென்ஸ்தான். கலை விழாவுக்கு ஒரு சோடியை இரண்டு பேர் மாறி மாறிப் போட்டதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். விழிவெண்படலத்துக்குப் பவர் இருக்கா இல்லையா என்று தெரியாது. தனக்கு மேல் ஒன்று கிடக்குது என்பது மட்டும்தான் தெரியும்.

எங்கட சிநேகிதி இப்போது கண்ணாடிதான் போடுகிறாள். இதை எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது ஒன்று மட்டும் சேர்க்கச் சொன்னாள்: "நான் செய்தது பிழைதான், அதையும் எழுதுங்கோ. ஆனா நான் மட்டும் செய்த பிழை இல்லை எண்டும் எழுதுங்கோ." எழுதிவிட்டோம்.

மருந்து விட வைத்த அலாரங்களை நாங்கள் முழுசாக அழிக்கவில்லை. எங்களில் இன்னொருத்தி லென்ஸ் போடுகிறவள். இரவு பத்து மணிக்கு அவளுடைய போனில் மட்டும் அது இன்னும் அடிக்கிறது. மற்ற மூன்று பேரும் தலையைத் தூக்கிப் பார்ப்போம். அவள் எழும்பிப் போய்க் கை கழுவித் துடைத்துவிட்டு வருவாள்.